பழைய பி450 போர்டு, புது 1440பி மானிட்டர்: எந்த கிராஃபிக்ஸ் கார்டு எடுக்கலாம்?

பிக்சல்பித்தன்:
வணக்கம் நண்பர்களே. என்னிடம் இப்போது இருப்பது: ரைசன் 5 3600, பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம் (8+8), ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், 550 வாட் பவர் சப்ளை. அண்மையில் பழைய 1080பி மானிட்டரைத் தூக்கிவிட்டு 1440பி, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்தேன். படம் அருமை, கார்டுதான் மூச்சு வாங்குகிறது. முன்பு ஹை செட்டிங்ஸில் ஓடிய கேம்களை லோவுக்கு இறக்கினாலும் நொடிக்கு 50 ஃப்ரேமைத் தாண்ட மறுக்கிறது. டூம்: த டார்க் ஏஜஸ் திறக்கவே இல்லை. ரே ட்ரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரைவது) உள்ள கார்டு கேட்கிறது.

பார்த்து வைத்திருப்பவை: என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060, ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, இன்டெல் ஆர்க் பி580. மதர்போர்டையும் பிராசசரையும் இப்போதைக்கு மாற்றுவதாக இல்லை. பெரும்பாலும் கதை உள்ள கேம்கள், நண்பர்கள் சேர்ந்தால் ஆன்லைன் ஷூட்டர். பிராசசரா, கார்டா, எது எதற்குத் தடை என்று சொல்லும் ஒரு பாட்டில்நெக் கால்குலேட்டரில் இணையத்தில் போட்டுப் பார்த்தேன். எந்தக் கார்டைக் கொடுத்தாலும் சிவப்பு எழுத்தில் பயமுறுத்துகிறது. என்ன செய்யலாம்?

காற்றாடி:
5060 டிஐ. யோசிக்கவே வேண்டாம்.

வோல்ட்மீட்டர்:
யோசிக்கலாம், தப்பில்லை.

பிக்சல்பித்தன், முதலில் அந்தக் கால்குலேட்டர் பக்கத்தை மூடுங்கள். எந்த கேம், என்ன ரெசல்யூஷன், என்ன செட்டிங்ஸ் என்று எதுவுமே சரியாகத் தெரியாமல் இரண்டு பெயர்களை வைத்துக்கொண்டு அது சொல்லும் சதவீதத்துக்கு அர்த்தமே இல்லை. ஒரே கம்ப்யூட்டரில் ஒரு கேம் பிராசசரைப் பிழியும், அடுத்த கேம் கார்டைப் பிழியும். அதை உங்கள் பெட்டியில்தான் பார்க்க முடியும்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போடுங்கள், கூடவே ரிவாட்யூனரும் வரும். கார்டு பயன்பாடு, கார்டு மெமரி, ஃப்ரேம் டைம் மூன்றையும் திரையில் தெரியும்படி வையுங்கள். வழக்கமாக ஆடும் கேம்களை ஆடுங்கள். கார்டு பயன்பாடு 95-க்கு மேலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் கார்டுதான் தடை. 60, 70 என்று அலைந்தால் பிராசசரோ வேறு ஏதோ பிடித்து இழுக்கிறது. பிராசசரின் மொத்தப் பயன்பாடு 40 சதவீதம்தானே என்று ஏமாறாதீர்கள். ஆறு கோரில் ஒன்று மட்டும் முட்டிக்கொண்டு நின்றாலும் மொத்தக் கணக்கில் அது தெரியாது.

அப்புறம் ஒரு எளிய சோதனை. ரெசல்யூஷனை 1080பி-க்கு இறக்கிப் பாருங்கள். 1440பி-யில் சுமார் 37 லட்சம் பிக்சல், 1080பி-யில் சுமார் 21 லட்சம். அவ்வளவு வேலை குறைந்தும் ஃப்ரேம் ஏறவில்லை என்றால் புதுக் கார்டு வாங்கினாலும் அந்த கேமில் ஏறாது. ரேம் எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதையும் டாஸ்க் மேனேஜரில் பாருங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போடாமல் விட்டால் 3200 ரேம் 2133-இலோ 2400-இலோதான் ஓடிக்கொண்டிருக்கும்.

பழையபெட்டி:
வோல்ட்மீட்டர் சொன்னதைச் செய்துவிட்டு வாருங்கள். அதற்குள் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கதையில் முக்கியமான சொல் "பி450".

பி450 போர்டில் கார்டு ஸ்லாட் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0. அந்தத் தலைமுறையில் ஒரு லேனில் (தகவல் போகும் தடம்) நொடிக்கு ஏறத்தாழ 1 ஜிபி போகும். 16 லேன் என்றால் 16 ஜிபி. 4.0-இல் இது இரட்டிப்பு, 5.0-இல் அதற்கும் இரட்டிப்பு. இதெல்லாம் தெரிந்த கதைதான். சிக்கல் எங்கே என்றால், நடுத்தரக் கார்டுகளில் 16 லேனையும் போடுவதை இப்போது குறைத்துவிட்டார்கள். ஆர்டிஎக்ஸ் 4060, 4060 டிஐ, 5060, 5060 டிஐ, ஆர்எக்ஸ் 6600, 7600, ஆர்க் பி580 எல்லாமே 8 லேன்தான். ஸ்லாட்டில் செருகும் பகுதி முழு நீளத்துக்கு இருக்கும், பாதிதான் வேலை செய்யும். புது போர்டில் இது பெரிய விஷயமில்லை. 5060 டிஐ-யை 5.0 ஸ்லாட்டில் போட்டால் 8 லேன் என்றாலும் 32 ஜிபி போகும். அதே கார்டை உங்கள் போர்டில் செருகினால் 8 ஜிபி. நான்கில் ஒரு பங்கு.

ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி மட்டும் இந்தக் கூட்டத்தில் விதிவிலக்கு. அதில் 16 லேனும் உண்டு. உங்கள் போர்டில் போட்டால் 16 ஜிபி கிடைக்கும். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் என்னென்னவோ போடுகிறார்கள், இதை மட்டும் விவரப் பட்டியலின் கடைசி வரியில் போய்த் தேட வேண்டியிருக்கிறது.

லேனைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மோசமான உதாரணம் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. 4 லேன், 4 ஜிபி மெமரி. 3.0 போர்டு வைத்திருந்தவர்களிடம் அது பட்ட பாடு ஊரறிந்தது.

காற்றாடி:
பழையபெட்டி பூதாகரமாக்குகிறார். 3.0-இல் போட்டாலும் 5060 டிஐ ஒரு சில சதவீதம்தான் குறையும் என்று பல சோதனைகள் இருக்கின்றன. அதற்காக வேகமான கார்டை விட்டுவிடுவதா?

பழையபெட்டி:
அந்தச் சோதனைகள் பொய்யில்லை. ஆனால் அவற்றில் கார்டின் மெமரி எவ்வளவு என்று பாருங்கள். 16 ஜிபி கார்டில் எல்லாம் கார்டுக்குள்ளேயே அடங்கிவிடும், ஸ்லாட் வழியாகப் போக வேண்டியது கொஞ்சம்தான். அதனால் சில சதவீதம் என்பது சரி.

8 ஜிபி கார்டில் கதை வேறு. 1440பி-யில் டெக்ஸ்சரை (பரப்புகளின் மேல் ஒட்டும் படங்கள்) ஹையில் வைத்தால் இப்போது வரும் பெரிய கேம்கள் பலவற்றுக்கு 8 ஜிபி போதவில்லை. மிச்சம் எங்கே போகும்? கம்ப்யூட்டரின் ரேமுக்கு. அங்கிருந்து ஒவ்வொரு முறையும் ஸ்லாட் வழியாகத்தான் எடுத்து வர வேண்டும். 5060 டிஐ-யின் சொந்த மெமரி நொடிக்கு 448 ஜிபி வேகத்தில் பேசும். உங்கள் ஸ்லாட் 8 ஜிபி. அண்டாவிலிருந்து கால் டம்ளர் தண்ணீர் எடுக்க ஊசிமுனைக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல. சராசரி ஃப்ரேம் ஓரளவு நன்றாகவே காட்டும். நடந்து ஒரு மூலை திரும்பும்போது அரை நொடி உறையும். அதுதான் வயிற்றெரிச்சல்.

இன்னொரு அடையாளம், சில கேம்கள் உறையாது. சத்தமில்லாமல் டெக்ஸ்சரின் தரத்தைக் குறைத்துவிடும். சுவரில் இருக்கும் சுவரொட்டி பக்கத்தில் போனாலும் எழுத்து தெரியாமல் சேறு பூசியது போல் கிடக்கும். ஃப்ரேம் கணக்கை மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. ஆகவே என் சண்டை 5060 டிஐ-யோடு இல்லை, 8 ஜிபி-யோடு.

வோல்ட்மீட்டர்:
அதை அழுத்தியே சொல்ல வேண்டும். 5060 டிஐ-யிலும் 8, 16 என்று இரண்டு உண்டு. 9060 எக்ஸ்டி-யிலும் அப்படியே. பெயரில் வித்தியாசமே இல்லை. வாங்கும்போது "16 ஜிபி" என்று பெட்டியில் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கையில் எடுக்க வேண்டும்.

பழையபெட்டி:
இது புது வித்தையும் இல்லை. 2016-இல் ஜிடிஎக்ஸ் 1060 வந்தபோது 3 ஜிபி, 6 ஜிபி என்று விற்றார்கள். மெமரிதான் குறைவு என்று எல்லோரும் நினைத்தார்கள். உள்ளே கோர்களும் குறைவு, 1280-க்குப் பதில் 1152. பிறகு ஜிடி 1030-இல் ஜிடிடிஆர்5-ஐத் தூக்கிவிட்டு டிடிஆர்4-ஐ வைத்து அதே பெயரில் விட்டார்கள். ஆர்டிஎக்ஸ் 3060-இல் 12 ஜிபி நல்ல கார்டு. பிறகு வந்த 8 ஜிபி ரகத்தில் மெமரியோடு அதன் பாதையும் 192 பிட்டிலிருந்து 128-ஆகச் சுருங்கியது. பெயரை நம்பி வாங்குகிறவர்தான் ஒவ்வொரு முறையும் மாட்டுகிறார்.

நிலாமுற்றம்:
மெமரி விஷயத்தில் எல்லோரும் சொல்வதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் 16 ஜிபி என்று முடிவான பிறகு 5060 டிஐ-யா, 9060 எக்ஸ்டி-யா என்பது இன்னும் திறந்த கேள்விதான். லேன் எண்ணிக்கை ஒன்றை வைத்து முடித்துவிட முடியாது.

1440பி-யில் ஆடப்போகிறீர்கள் என்றால் அப்ஸ்கேலிங் இல்லாமல் ஆடப்போவதில்லை. என்விடியாவின் அப்ஸ்கேலிங்கான டிஎல்எஸ்எஸ்-ஐக் குவாலிட்டியில் வைத்தால் கார்டு உள்ளே 960பி-யில்தான் வரைகிறது. மிச்சத்தைக் கணித்து நிரப்புகிறது. அப்படி நிரப்பிய படம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பது கார்டின் வேகத்துக்குச் சமமான விஷயம். டிஎல்எஸ்எஸ் உள்ள கேம்கள் அதிகம். 2025-இல் வந்த புது டிரான்ஸ்ஃபார்மர் மாடல் பழைய ஆர்டிஎக்ஸ் 20 வரிசைக்கும் சேர்த்தே கிடைத்தது. அதாவது பழைய கார்டுக்காரரைக் கைவிடவில்லை.

ஏஎம்டி பக்கம் இதே வேலையைச் செய்யும் எஃப்எஸ்ஆர் 4 உண்மையிலேயே பெரிய முன்னேற்றம். முந்தைய எஃப்எஸ்ஆர்-இல் வேலிக்கம்பி, முடி, புல் எல்லாம் மினுமினுக்கும். 4-இல் அது பெருமளவு போய்விட்டது. ஆனால் ஒரு கேமில் அது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. எஃப்எஸ்ஆர் 3.1 உள்ள கேம்கள் பலவற்றில் டிரைவரிலேயே 4-ஆக மாற்றிக்கொள்ளலாம். எல்லாவற்றிலும் முடியாது. நீங்கள் ஆடும் கேம்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு சரிபாருங்கள்.

ரே ட்ரேசிங்கில், அதிலும் பாத் ட்ரேசிங்கில், என்விடியா இன்னும் முன்னால்தான். நான் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளும் பயன்படுத்துவதால் எனக்கு வேறு வழியில்லை. அந்த வேலையில் என்விடியாதான் தெளிவாக வேகம். பிக்சல்பித்தன், உங்களுக்கு அப்படி ஏதும் வேலை உண்டா?

காற்றாடி:
இடையில் கார்டே ஃப்ரேம்களை உருவாக்கிச் சேர்க்கும் ஃப்ரேம் ஜெனரேஷனை விட்டுவிட்டீர்களே. 5060 டிஐ-யில் ஒன்றுக்கு நான்கு ஃப்ரேம் வரும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு வேறென்ன வேண்டும்?

நிலாமுற்றம்:
விட்டது தெரிந்தேதான். உண்மையில் 30 ஃப்ரேம் ஓடும் கேமை அது 100-க்கு மேல் காட்டும். ஆனால் நீங்கள் மவுஸை அசைத்தால் கை உணர்வது அந்த 30-ஐத்தான், இன்னும் கொஞ்சம் தாமதம் சேர்த்து. அடிப்படை 60-ஐத் தொட்டுவிட்டால் நன்றாக இருக்கும், கதை கேம்களில் நானும் போடுவேன். நத்தை வேகத்தில் இருப்பதைத் தூக்கி நிறுத்த அது உதவாது. 2025 ஜனவரியில் ஆர்டிஎக்ஸ் 5070-ஐ அறிமுகப்படுத்தியபோது 4090-க்கு இணை என்று மேடையிலேயே சொன்னார்கள். அந்த இணை இந்த உருவாக்கிய ஃப்ரேம்களைச் சேர்த்து எண்ணியதால் வந்தது. ஒப்பீட்டுப் படம் எதைப் பார்த்தாலும் அதை நீக்கிய எண் எங்கே என்று தேடுங்கள். ஆன்லைன் ஷூட்டரில் போட்டீர்கள் என்றால் எதிராளிக்குத்தான் லாபம்.

பிக்சல்பித்தன்:
எல்லோருக்கும் நன்றி. பார்த்துவிட்டு வந்தேன்.

கதை கேம்கள்: கார்டு பயன்பாடு 98, 99. அசையவே இல்லை. மெமரி 6 ஜிபி-யும் நிரம்பி வழிகிறது. 1080பி-க்கு இறக்கினால் ஃப்ரேம் நன்றாகவே ஏறுகிறது.

ஆன்லைன் ஷூட்டர்: வேறு கதை. கார்டு பயன்பாடு 70-ஐச் சுற்றி, ஃப்ரேம் 110-ஐ ஒட்டி. எல்லா செட்டிங்ஸையும் லோவில் போட்டேன், 1080பி-க்கும் இறக்கினேன். அதே 110. கூட்டமாகச் சண்டை நடக்கும் இடத்தில் 80-க்கு விழுகிறது.

ரேம் 3200-இல்தான் ஓடுகிறது. பிளெண்டர், வீடியோ வேலை எதுவும் கிடையாது.

வோல்ட்மீட்டர்:
இதைவிடத் தெளிவாக விடை வராது. உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினை. கதை கேம்களுக்குக் கார்டு. அதை மாற்றினால் உடனே வித்தியாசம் தெரியும். ஷூட்டருக்குப் பிராசசர். அங்கே உலகத்தின் மிக வேகமான கார்டைச் செருகினாலும் 110 அப்படியே நிற்கும். செட்டிங்ஸை உயர்த்தி வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

நல்ல செய்தி, ஏஎம்4 சாக்கெட் என்பதால் பின்னால் பிராசசரை மட்டும் மாற்றலாம். கேமுக்கு என்றால் 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி இரண்டும் பிரமாதம், கிடைத்தால். கிடைக்காவிட்டால் 5600 கூட 3600-இலிருந்து நல்ல ஏற்றம். பயாஸை மட்டும் முன்கூட்டியே புதுப்பித்துவிட வேண்டும். போர்டை மாற்றத் தேவையில்லை. ஆகவே கார்டுக்கென்று வைத்திருப்பதை முழுக்கக் கரைக்காமல், 16 ஜிபி-யில் நடுத்தரக் கார்டு ஒன்றை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பிராசசருக்கு ஒதுக்குவதுதான் உங்கள் ஆட்டத்துக்குப் பொருந்தும்.

மின்மினி:
பி580 பற்றி யாருமே பேசவில்லையே? 12 ஜிபி மெமரி, 192 பிட். இந்தத் தரத்தில் அவ்வளவு மெமரியை வேறு யார் கொடுக்கிறார்கள்?

பழையபெட்டி:
கார்டு நல்ல கார்டு. இவருடைய பெட்டிக்குத்தான் ஆகாது. இன்டெலின் டிரைவர் பிராசசரிடம் அதிக வேலை வாங்குகிறது. பி580 வந்தபோது வேகமான பிராசசரில் சோதித்து எல்லோரும் பாராட்டினார்கள். பிறகு 2025 தொடக்கத்தில் ரைசன் 2600, 3600 போன்றவற்றில் போட்டுப் பார்த்தபோதுதான் சில கேம்களில் வேகம் தடாலென்று விழுவது வெளியே வந்தது. பிராசசர் ஏற்கெனவே திணறுகிற வீட்டில் அதைக் கொண்டுபோய் வைக்கக் கூடாது. ரீசைசபிள் பார் (பிராசசர் கார்டின் முழு மெமரியையும் ஒரே வீச்சில் அணுக விடும் அமைப்பு) இல்லாமலும் அது உருப்படியாக ஓடாது. புது பிராசசர் வைத்திருப்பவர் கேட்டால் நானே பி580-ஐச் சொல்வேன்.

இரும்புக்கோட்டை:
செகண்ட் ஹேண்டில் ஆர்டிஎக்ஸ் 3080 பாருங்கள். 16 லேன், வேகத்தில் 5060 டிஐ-க்குச் சளைத்ததில்லை.

வோல்ட்மீட்டர்:
3080 320 வாட் குடிக்கும். ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் அதைவிட வெகு மேலே குதிக்கும். அந்தக் குதிப்பில் 550 வாட் பவர் சப்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். ஆடிக்கொண்டிருக்கும்போதே பெட்டி பொட்டென்று ஆஃப் ஆகும். பவர் சப்ளையும் மாற்ற வேண்டும் என்றால் கணக்கே மாறிவிடுகிறது. மெமரியும் 10 ஜிபி-தான்.

செகண்ட் ஹேண்ட் கூடாது என்று சொல்ல மாட்டேன். 2022 செப்டம்பர் 15-இல் எத்தீரியம் மைனிங்குக்கு முழுக்குப் போட்டது. அப்போது சந்தைக்கு வந்து குவிந்த கார்டுகள் கைமாறிக் கைமாறி இன்னும் சுற்றுகின்றன. மைனிங் கார்டு என்றாலே செத்த கார்டு இல்லை. ஃபேனும், மெமரி மேல் ஒட்டிய தெர்மல் பேடும்தான் முதலில் தேயும். வாங்குகிறவர்கள் விற்பவரின் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து கோர் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி என்றால் 3584, ஆர்எக்ஸ் 6600 என்றால் 1792. பயாஸை மாற்றி வேறு கார்டு போல் காட்டும் மோசடி நடக்கிறது. பிறகு ஏதாவது கனமான கேமை அரை மணி நேரம் ஓட விட்டு, திரையில் புள்ளி, கோடு, சதுரம் ஏதும் மினுக்குகிறதா என்று பாருங்கள். அதற்கு நேரம் தர மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

பிக்சல்பித்தன்:
சரி, அப்படியென்றால் பவர் சப்ளையை மாற்றாமல் 9060 எக்ஸ்டி தாங்குமா?

வோல்ட்மீட்டர்:
தாங்கும். 16 ஜிபி 9060 எக்ஸ்டி 160 வாட். 3600 முழுசாக உழைத்தாலும் 90 வாட்டைத் தொடாது. போர்டு, ஃபேன், டிஸ்க் எல்லாம் சேர்த்தாலும் 300-ஐ ஒட்டித்தான் வரும். 550 தாராளம், பவர் சப்ளை நல்லதாக இருக்கும் பட்சத்தில். பெயர் தெரியாத பெட்டியில் ஒட்டியிருக்கும் 550 என்ற எண்ணை நான் நம்ப மாட்டேன்.

ஸ்லாட் 75 வாட் தரும், 8 பின் கேபிள் 150 வாட் தரும். ஆகவே பெரும்பாலான 9060 எக்ஸ்டி-களில் ஒரே ஒரு 8 பின்தான். பிராசசருக்குப் போகும் 8 பின்னும் கிட்டத்தட்ட இதே போல இருக்கும், குழம்பாதீர்கள். அது 4+4-ஆகப் பிரியும், கார்டுக்கானது 6+2-ஆகப் பிரியும். மாட்யூலர் பவர் சப்ளை என்றால் அதனோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். கார்டு பக்கத்து முனை எல்லாவற்றிலும் ஒன்றுதான், பவர் சப்ளை பக்கத்து முனையில் பின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வேறு பவர் சப்ளையின் கேபிள் அழகாகச் செருகிக்கொள்ளும், அப்புறம் கார்டைக் கருக்கிவிடும்.

காற்றாடி:
கார்டின் பவர் கனெக்டர் உருகிப்போகிறது என்கிறார்களே, அந்தப் பிரச்சினை இதில் வருமா?

வோல்ட்மீட்டர்:
அது 16 பின் கனெக்டர், 2022-இல் 4090-களில் தொடங்கிய கதை. சரியாக உள்ளே போகாமல் நின்றால் சில பின்கள் வழியாக மட்டும் மின்சாரம் பாய்ந்து சூடேறும். பிறகு உணரும் பின்களைக் குட்டையாக்கி 12வி-2x6 என்று திருத்தினார்கள். 450, 575 வாட் கார்டுகளுக்கு அது கவலை. ஒரு 8 பின்னில் ஓடும் கார்டுக்கு அந்தப் பயம் வேண்டாம்.

பிக்சல்பித்தன்:
முடிவு செய்துவிட்டேன், 9060 எக்ஸ்டி 16 ஜிபி. என் கேம்களில் எஃப்எஸ்ஆர் 4 பெரும்பாலானவற்றில் இருக்கிறது, நிலாமுற்றம் சொன்னபடி பட்டியல் போட்டுப் பார்த்தேன். 5060 டிஐ 16 ஜிபி-க்கு இன்னும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த மிச்சம் பிராசசருக்கு. கார்டை மாட்டும் முன் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

காற்றாடி:
நான் இன்னும் 5060 டிஐ பக்கம்தான். வாழ்த்துகள்.

பழையபெட்டி:
முதலில் டேப்பை எடுங்கள். கேபினட்டில் முன்பக்க ஃபேனிலிருந்து பின்பக்கத் தகடு வரை அளந்து, வாங்கப்போகும் மாடலின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். ஒரே 9060 எக்ஸ்டி-யில் இரண்டு ஃபேன் மாடலும் மூன்று ஃபேன் மாடலும் உண்டு. 160 வாட்டுக்கு இரண்டு ஃபேனே ஏராளம். மூன்றாவது ஃபேன் அழகுக்கு.

பிறகு பயாஸ். பழைய கார்டு இருக்கும்போதே புதுப்பித்துவிடுங்கள். ரீசைசபிள் பாரைப் போட வேண்டும், ஏஎம்டி இதற்கு ஸ்மார்ட் ஆக்சஸ் மெமரி என்று பெயர் வைத்திருக்கிறது. 3600-இல் வேலை செய்யும். அதற்கு அபவ் 4ஜி டிகோடிங்கை ஆன் செய்து, சிஎஸ்எம்-ஐ (பழைய முறையில் பூட் ஆக விடும் அமைப்பு) அணைக்க வேண்டும். இங்கேதான் பலர் மாட்டுவது. விண்டோஸ் டிஸ்க், ஜிபிடி என்ற புது முறையில் இல்லாமல் எம்பிஆர் என்ற பழைய முறையில் இருந்தால், சிஎஸ்எம்-ஐ அணைத்ததும் விண்டோஸ் எழும்பாது. டிஸ்க் மேனேஜ்மென்டில் டிஸ்கின் பண்புகளைத் திறந்து ஜிபிடி-யா என்று பாருங்கள். இல்லையென்றால் விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி என்று ஒரு கருவி இருக்கிறது. முக்கியமான கோப்புகளை வேறு இடத்தில் நகல் எடுத்துவிட்டு அதைக் கொண்டு மாற்றுங்கள்.

என்விடியாவிலிருந்து ஏஎம்டிக்குப் போகிறீர்கள், ஆகவே பழைய டிரைவரை டிடியு என்ற டிரைவர் நீக்கும் கருவி கொண்டு சேஃப் மோடில் துடைத்துவிடுங்கள். நெட்டைத் துண்டித்துவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் முந்திக்கொண்டு தானாக ஒரு டிரைவரைப் போட்டுவிடும்.

மாட்டும்போது பவர் சப்ளையை அணைத்து, ஸ்லாட்டின் கடைசியில் இருக்கும் கொக்கி "டக்" என்று விழும் வரை அழுத்துங்கள். மானிட்டர் கேபிள் கார்டில். போர்டில் செருகினால் 3600-இல் படமே வராது, அதில் கிராஃபிக்ஸ் கிடையாது.

நிலாமுற்றம்:
டிஸ்ப்ளேபோர்ட் கேபிளையே பயன்படுத்துங்கள். விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் 144 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள், கார்டை மாற்றியதும் சில நேரம் 60-க்குத் திரும்பிவிடும். மானிட்டர் மெனுவில் ஃப்ரீசிங்க் (மானிட்டரைக் கார்டின் ஃப்ரேம் வேகத்தோடு ஒத்துப்போக வைப்பது) அணைந்திருந்தால் ஆன் செய்யுங்கள். ஃப்ரேம் 80-க்கும் 110-க்கும் இடையே ஆடுகிறது என்றீர்களே, அந்த ஆட்டத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் அடக்குவது அதுதான்.

பிக்சல்பித்தன்:
மாட்டியாயிற்று. கதை கேம்களில் 1440பி, ஹை, எஃப்எஸ்ஆர் குவாலிட்டி: பழைய கார்டில் 50-ஐத் தொடத் தவித்தவை இப்போது 90-ஐ ஒட்டி ஓடுகின்றன. டூம் திறந்தது. அதில் டெக்ஸ்சர் பூல் என்று ஒரு செட்டிங் இருக்கிறது. அதை உச்சத்தில் வைத்தும் மெமரி மீதம் இருக்கிறது. ஷூட்டர் வோல்ட்மீட்டர் சொன்ன மாதிரியே, அதே 110. ஆனால் இப்போது எல்லா செட்டிங்ஸும் மேலே.

ஒரு சந்தேகம். ஜிபியு-இசட்டில் பஸ் இன்டர்ஃபேஸ் என்ற இடத்தில் 16 லேன் சரியாக இருக்கிறது, ஆனால் 3.0-க்குப் பதில் 1.1 என்று காட்டுகிறது. ஸ்லாட் கெட்டுவிட்டதா?

பழையபெட்டி:
இல்லை. கார்டு சும்மா இருக்கும்போது மின்சாரத்தை மிச்சம்பிடிக்க வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி பொத்தான் இருக்கும். அதை அழுத்தி ரெண்டர் டெஸ்டைத் தொடங்கினால் 3.0-க்கு ஏறும். ஏறாவிட்டால் மட்டும் வந்து சொல்லுங்கள்.

பிக்சல்பித்தன்:
ஏறிவிட்டது. நன்றி.

தென்றல்வீதி:
இந்த இழையை முழுக்கப் படித்தேன். என்னுடையது அலுவலகங்களில் வைக்கும் சிறிய டெஸ்க்டாப், பவர் சப்ளை 260 வாட், கார்டுக்கான கேபிளே கிடையாது. 1080பி மானிட்டர். 9060 எக்ஸ்டி போடலாமா?

வோல்ட்மீட்டர்:
போட முடியாது. கேபிள் இல்லை என்றால் ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டுதான் வழி. சாட்டா கேபிளிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் அடாப்டர் விற்பார்கள், அதைத் தொடவே தொடாதீர்கள், எரியும்.

ஆர்டிஎக்ஸ் 3050-இல் 6 ஜிபி ரகம் பாருங்கள், 2024-இல் வந்தது. 70 வாட், தனி கேபிள் தேவையில்லாத மாடல்கள் நிறைய உண்டு. அதிலும் 8 ஜிபி ரகம் வேறு கார்டு, அதற்குக் கேபிள் வேண்டும், மாற்றி வாங்கிவிடாதீர்கள். 1080பி-யில் நடுத்தர செட்டிங்ஸ் வைத்தால் பல கேம்கள் ஓடும். உங்கள் பெட்டியின் பின்பக்கத் தகடு கை அகலத்துக்குக் குறைவாகக் குட்டையாக இருந்தால் லோ புரொஃபைல் மாடலாகத்தான் வாங்க வேண்டும். பெட்டியில் குட்டைத் தகடும் சேர்ந்து வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.